அட்ரியானோவும் நம் விடுதிப் பிள்ளைகளும்

(கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, இறுதி ஆட்டம் முடியும் வரை வெயிலில் எங்களோடு அமர்ந்திருந்த வட்டாட்சியர் அவர்களே, ஆண்டுதோறும் கோப்பை வழங்கிவரும் அரிசி ஆலை உரிமையாளர் ஐயா அவர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, வென்ற அணியின் தம்பிகளே, தோற்றாலும் கடைசி விசில் வரை ஓடிய அணியின் தம்பிகளே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அம்மையார் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மழை பெய்தால் குளமாகும் இந்த மைதானத்துக்கு மண் அடித்துக் கொடுத்தவர் அவர். ஆட்டம் தொடங்கும் முன்பே வந்து உட்காருகிற தலைவர்கள் கிடைப்பது அரிது. அவர் வந்து உட்கார்ந்தார்.

நண்பர்களே, இன்று மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். பிரேசில் வீரர் அட்ரியானோவின் ஆட்டம் ஒன்று. இத்தாலியில் அவர் எப்படி உடைந்து போனார் என்பது இரண்டு. வீரர்களை வாங்கி விற்கும் கிளப்புகளின் பணக்கணக்கு மூன்று.

1982 பிப்ரவரியில் ரியோ டி ஜெனீரோ நகரத்தின் விலா க்ரூசெய்ரோ என்ற குடிசைப் பகுதியில் பிறந்தவர் அட்ரியானோ. அவருக்குப் பத்து வயதானபோது, எந்தச் சண்டையிலும் சம்பந்தமில்லாத அவருடைய அப்பாவின் தலையில் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மருத்துவர்களால் அதை எடுக்க முடியவில்லை. குண்டைத் தலையில் சுமந்துகொண்டே அந்த மனிதர் மகனை வளர்த்தார். குடியைக் கண்டாலே ஆகாதவர். பதினான்கு வயதில் மகன் கையில் மதுக்கோப்பையைப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கி எறிந்தவர். நம் பெரியவர்கள் சொன்னார்களே, நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று! அந்தப் பிள்ளையின் நிழல் அந்த அப்பாதான்.

ஃப்ளமெங்கோ கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையனை 2001-இல் இத்தாலியின் இண்டர் மிலான் கிளப் வாங்கியது. வயது பத்தொன்பது. அந்த ஆகஸ்டில் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார் பாருங்கள், அந்தப் பந்து வலைக்குள் போன வேகத்தைப் பார்த்து இத்தாலியே யார் இவன் என்று கேட்டது. பின்னாளில் அங்கே அவருக்கு வைத்த பெயர் ‘பேரரசர்’.

அந்தப் பேரரசரின் முதல் கிறிஸ்துமஸ் எப்படிப் போனது தெரியுமா? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மிலான் நகரத்தில் உறையும் குளிர். ரியோவில் டிசம்பர் என்றால் கோடைக்காலம். பிறந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் என்றால் அவருக்கு வெக்கையும், வாசலில் சொந்தபந்தமும், ஊரே கேட்கும் பாட்டும்தான். மிலானிலோ தெருவில் ஆள் இல்லை. உடன் ஆடிய கிளாரன்ஸ் சீடோர்ஃப் பெரிய மனதுக்காரர். விருந்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். போனார். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் மனம் அங்கே ஒட்டவில்லை. சீக்கிரமே கிளம்பித் தன் குடியிருப்புக்கு வந்துவிட்டார். வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். அம்மா எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம், மொத்தக் குடும்பமும் கூடியிருக்கிற சத்தம். யார் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், யார் தட்டில் என்ன இருக்கும் என்று கடல் தாண்டி இருப்பவனுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடுமல்லவா? அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னார். வளைகுடாவிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தானே சொல்கிறார்கள், தாய்மார்களே! தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு பாட்டில் வோட்காவை எடுத்துத் தனியாகக் குடித்து முடித்தார், விடிய விடிய அழுதுகொண்டே. கோப்பையைப் பிடுங்கி எறிய அப்பா பக்கத்தில் இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது அவருக்கு அந்தப் பனிக்காலத்தில் தெரிந்தது.

ஃபியோரென்டினா, பார்மா என்ற வேறு இத்தாலிய கிளப்புகளில் சில காலம் ஆடிவிட்டு 2004 ஜனவரியில் இண்டருக்கே திரும்பினார். அந்த ஜூலையில் பெரு நாட்டின் லிமாவில், தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்கா தொடரின் இறுதி ஆட்டம். எதிரணி அர்ஜென்டினா. 87-ஆவது நிமிடத்தில் அவர்கள் 2-1 என்று முந்திவிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களிலும் கடைசி மூச்சு. பெட்டிக்குள் விழுந்த பந்தை அட்ரியானோ இடக்காலால் திருப்பி அடித்தார், சமன்! பெனால்டியில் பிரேசில் வென்றது. அந்தத் தொடரில் அதிக கோல் அவருடையது, ஏழு.

சில நாட்கள்தான். கிளப்போடு இருந்தவருக்குத் தொலைபேசி வந்தது: அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். அணித்தலைவர் ஹவியர் சனெட்டி அப்போது உடன் இருந்தார். தொலைபேசியை வீசிவிட்டு அட்ரியானோ கதறிய கதறலைப் பின்னாளில் சனெட்டியே சொல்லியிருக்கிறார். அன்று முதல் அவரும் கிளப் உரிமையாளர் மொராட்டியும் அட்ரியானோவைத் தம்பியாகவே பார்த்துக்கொண்டார்களாம். அவரை மனச்சோர்விலிருந்து மீட்க முடியாமல் போனதே தன் பெரிய தோல்வி என்று சனெட்டி வருந்துகிறார்.

இனி நான் சொல்வதை உடற்கல்வி ஆசிரியர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அப்பா இறந்த பிறகும் அட்ரியானோ கோல் அடித்தார்! 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் அதே அர்ஜென்டினாவை 4-1 என்று பிரேசில் வென்றபோது அவருக்கு இரண்டு கோல். தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். கோல் விழும் வரை உள்ளே இருந்த புண் யார் கண்ணிலும் படவில்லை. கோல் நின்ற பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்து என்ன செய்தார்கள்? இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ தொடரின் மிக மோசமான ஆட்டக்காரர் என்று கேலிக்குத் தரும் ‘தங்கக் குப்பைத்தொட்டி’ விருதை இத்தாலிய வானொலி நிகழ்ச்சி ஒன்று அவருக்கு 2006, 2007, 2010 என மூன்று முறை அறிவித்தது. அப்பனை இழந்து குடியில் விழுந்த பிள்ளைக்குக் குப்பைத்தொட்டி! அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

2009 ஏப்ரலில் பிரேசில் போனவர் மிலானுக்குத் திரும்பவில்லை. ஆட்டத்தில் மகிழ்ச்சி போய்விட்டது, என் மக்களோடு இருக்கிறேன் என்றார். கோடிகளை உதறிய பைத்தியம் என்று ஏசினார்கள். அதே ஆண்டு சொந்த ஊரின் ஃப்ளமெங்கோவுக்கு 19 கோல் அடித்தார். 1992-க்குப் பிறகு அந்தக் கிளப் முதன்முறையாக பிரேசில் லீக் பட்டம் வென்றது. மறுபடி 2010-இல் இத்தாலியின் ரோமா கிளப்புக்குப் போனார். லீக்கில் ஒரு கோல்கூட இல்லை, சில மாதங்களில் ஒப்பந்தம் முடிந்தது. கால் அதே கால்தான், ஐயா. நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

கிளப்புகளின் பணக்கணக்கைப் பேசுவதாகச் சொன்னேன். பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்; அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் மாநிலத்தில் ஏழாம் வகுப்பிலேயே வீட்டை விட்டு விளையாட்டு விடுதிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அட்ரியானோவாவது பத்தொன்பதில் போனார், இவர்களுக்குப் பன்னிரண்டு. பயிற்சியாளர் உண்டு, முட்டையும் பாலும் உண்டு. இரவில் அழுகிற பிள்ளையிடம் உட்கார்ந்து பேச, அதற்கென்று படித்த ஒருவர் வேண்டும். நேரத்தையும் கோலையும் குறித்து வைக்கிறோம். வீட்டில் சாவு விழுந்து திரும்பி வந்த பிள்ளை ஒரு மாதம் கழித்து எப்படித் தூங்குகிறது என்று குறித்து வைக்கிறோமா? நன்றாக ஆடுகிற பிள்ளையைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். மோசமாக ஆடினால் யாராவது கேட்டுவிடுவார்கள்.

ஆகவே ஒரு மனு தயாரித்திருக்கிறோம். விடுதி ஒவ்வொன்றுக்கும் வாரம் இருமுறையாவது வந்து போகும் மனநல ஆலோசகர். தினமும் இரவு வீட்டோடு பேச நேரம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில், அந்த எண்ணுக்குப் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத தொலைபேசி. அவ்வளவுதான் கேட்கிறோம். வட்டாட்சியர் அவர்கள் இதை மேலிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பை மேசைக்கு இடப்பக்கம் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள். பெற்றோர்கள் முதலில். நன்றி, வணக்கம்.