பருந்து பறக்கப் போகிறதா? வாலுக்குக் கீழே பாருங்கள்!

[திரையில்: சாலையோரக் கம்பத்தின் உச்சியில் ஒரு பருந்து. அசைவே இல்லை.]

வணக்கம் நண்பர்களே. இந்தப் பருந்து இன்னும் சில நொடிகளில் பறக்கப் போகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முகத்தைப் பார்க்காதீர்கள், வாலுக்குக் கீழே பாருங்கள். லேசாகக் குனிகிறது, வாலைத் தூக்குகிறது... சர்ர்ர்! வெள்ளையாக ஒரு பீச்சல். அடுத்த நொடி இறக்கை விரிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், காரிலிருந்து வேட்டைப் பறவைகளைப் படமெடுப்பவர்கள் காத்திருக்கும் சிக்னலே இதுதான். எச்சம் போட்டதும் ஷட்டரை அழுத்தத் தயாராகிவிட வேண்டும். ஆனால் போட்டுவிட்டு அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்து என்னை முட்டாளாக்கிய பருந்துகளும் உண்டு!

படமெடுக்கும் ஏற்பாடுகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். காரைக் கண்டு பயப்படாத பறவை, கதவு திறந்து ஒரு மனித உருவம் இறங்கினால் நிற்காது. அதனால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள், எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதிர்வில் படம் கலங்கும். பயறு நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் சாய்த்தால் போதும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெளிர் வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை இரண்டு மடங்காக்குங்கள், இல்லாவிட்டால் பருந்து கரிக்கட்டையாகத்தான் விழும். அவ்வளவுதான் செட்டிங்ஸ்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

[திரையில்: அதே பருந்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பியபடி. கண் மட்டும் பெரிதாக.]

இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? 'நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை, வேறெங்கோ பார்க்கிறது.' நானும் பல வருடம் அப்படித்தான் நம்பி, தைரியமாகக் காரை இன்னும் பத்தடி உருட்டுவேன். பறந்துவிடும். ஏன்?

நம் கண்ணின் விழித்திரையில் பார்வை மிகக் கூர்மையாக விழும் சின்னக் குழி ஒன்று இருக்கிறது. பகலில் வேட்டையாடும் பருந்து, கழுகு, வல்லூறு போன்றவற்றுக்கு ஒவ்வொரு கண்ணிலும் அப்படி இரண்டு குழிகள். ஒன்று நேராகப் பார்க்க. இன்னும் கூர்மையான இன்னொன்று ஏறக்குறைய 45 டிகிரி பக்கவாட்டில் பார்க்கிறது! தூரத்தில் இருப்பதை உற்றுப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அதாவது, 'கண்டுகொள்ளவில்லை' என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் நம்மை அலசிக்கொண்டிருக்கிறது. நம் சட்டையில் உதிர்ந்த பொத்தானைக்கூட எண்ணியிருக்கும்!

இதில் இன்னொரு கூத்து. பைரி என்ற வல்லூறு வகை இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினால் காற்று பிடித்து இழுக்கும். அப்போது எப்படி இரையைப் பார்ப்பது? தலையை நேராக வைத்துக்கொண்டு, பாதையையே வளைத்துவிடுகிறது. சுருள் மாதிரி சுற்றி வந்தால் இரை எப்போதும் அந்தப் பக்கவாட்டுக் குழியில் விழும். நேர்க்கோட்டை விட நீளமான வழிதான், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. அமெரிக்க விலங்கியலாளர் வான்ஸ் டக்கர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் விளக்கின. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, நிஜமாக.

படத்துக்கு இதனால் என்ன லாபம்? பக்கவாட்டு முகம், கண்ணில் ஒரு துளி ஒளி: பருந்து உங்களையே பார்க்கும் படம் அது. அழுத்துங்கள், காரை மட்டும் உருட்டாதீர்கள்.

அப்புறம், பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் முகம் கிடைக்கும். எதிர்ப்பக்கமிருந்து வீசினால் வால்தான். என் ஹார்ட் டிஸ்கில் பாதி வால்கள்!

உங்களிடம் எத்தனை வால் படங்கள் இருக்கின்றன? கமெண்டில் எண்ணிக்கையைப் போடுங்கள், வெட்கப்படாமல்.