சர்க்கரை உள்ளவருக்கு ரத்தம் ஏறவில்லை என்றால் கிட்னியைப் பாருங்கள்

அடுத்த கேள்வி கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து. "அப்பாவுக்கு 17 வருஷமாகச் சர்க்கரை. ஹீமோகுளோபின் 8.4. முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்புச்சத்து மாத்திரை என்று நான்கு மாதமாகக் கொடுத்தும் ஏறவில்லை. இப்போது கிட்னி டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தத்துக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம் இருக்குதுங்க அம்மணி. கிட்னி சிறுநீரைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. சிவப்பணுவை உற்பத்தி பண்ணச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குத் தாக்கல் சொல்வது அதுதான். பல வருஷச் சர்க்கரையில் கிட்னி கெட்டால் தாக்கல் போவது குறைந்துவிடும். அதோடு, சாப்பிடும் இரும்புச்சத்து குடலிலிருந்து சரியாக ஏறாது. உடம்பில் சேர்ந்திருப்பதும் வெளியே வராது. அணையில் தண்ணீர் இருந்தும் மதகு திறக்காத கதைதான். அதனால்தான் பலருக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறோம்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், சோளத்தட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவார். வயசாச்சு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை, அதான் எச்பிஏ1சி, 6.3. மகனுக்கு அதில் ஒரே சந்தோஷம். வீட்டு மிஷினிலோ தினமும் 200-க்கு மேல்! அந்த டெஸ்ட் அளப்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. சிவப்பணு சாதாரணமாக 120 நாள் போல இருக்கும். கிட்னி கெட்டவர்களுக்குச் சீக்கிரமே அழிந்துவிடும். சர்க்கரை அதில் ஒட்ட நாளே போதாது, கணக்கு குறைத்துக் காட்டும். இதில் ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே கேட்பதில்லை.

சரி, அப்பாவுக்கு என்ன பார்க்க வேண்டும்? கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற டெஸ்ட், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப நாளாகப் போடுகிறார் என்றால் வைட்டமின் பி12-உம் பாருங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும். வேறெங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் டாக்டர் பார்ப்பார்.

இரும்புச்சத்தைச் சரிசெய்த பிறகும் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே நின்றால் எரித்ரோபாய்ட்டின் ஊசி உண்டு. அதில் 13, 14 என்று ஏற்ற ஆசைப்படாதீர்கள். பக்கவாதம் வரும் ஆபத்து கூடும் என்பதால் 11.5-க்கு மேல் பொதுவாகப் போகமாட்டோம். பிரஷரையும் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

அப்புறம், கீரையையும் பேரீச்சையையும் இன்னும் கூட்டாதீர்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியம் கிட்னி கெட்டால் ரத்தத்தில் தேங்கிவிடும். அதன் அளவைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். முழங்கால் வலிக்கென்று மெடிக்கலில் அவராக மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். வலி மாத்திரைகள் பலவும் கிட்னியை இன்னும் கெடுக்கும். டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும், வீட்டில் சர்க்கரை எழுதி வைக்கும் நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்க.