மந்தை உள்ளவரை கூடாரம்

அவையோர்க்கு வணக்கம்.

மங்கோலியர் என்றதும் நமக்குச் செங்கிஸ்கானும் குதிரைப்படையும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது இன்றும் மங்கோலியாவில் மந்தை மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி.

அவர்கள் கால்போன போக்கில் அலைபவர்கள் அல்லர். குளிர்காலத்துக்குக் காற்று மறைந்த மலைச்சரிவு, கோடைக்கு ஆற்றோரப் புல்வெளி என்று பருவத்துக்கொரு இடம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஆண்டுதோறும் அங்கேயே திரும்புவார்கள். செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் என ஐந்து வகைக் கால்நடைகள். எதை உண்பது, எப்போது இடம் பெயர்வது எல்லாம் அவற்றை வைத்துத்தான்.

வீட்டுக்குக் கெர் என்று பெயர். மடக்கி விரிக்கும் மரப்பின்னல் சுவர், ஆட்டு உரோமத்தை நனைத்து அழுத்திச் செய்த தடித்த போர்வை, தெற்கு பார்த்த வாசல். நடுவில் அடுப்பு, அதில் எரிவது காய்ந்த சாணம். வாசலுக்கு எதிரே வடபுறம் பெரியவர்களுக்கும் வழிபாட்டுக்கும் உரியது. கோடையில் குதிரைப்பாலை மாட்டுத்தோல் பையில் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள். அதற்கு ஐராக் என்று பெயர். ஆயிரக்கணக்கான முறை கடைந்தால்தான் பதம் வரும் என்பதால் வீட்டில் எல்லோரும் மத்தைப் பிடித்தாக வேண்டும். விருந்தாளியும் உள்ளே வந்ததும் நாலு கடை கடைவது வழக்கம்.

கோபிப் பாலைவனத்து வழக்கம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிரமப்பட்டு ஈன்ற ஒட்டகம் சில நேரம் கன்றை நெருங்க விடாது. எட்டி உதைக்கும், கடிக்க வரும். பாலில்லாமல் கன்று செத்துப்போகும். அப்போது தாயையும் கன்றையும் அருகருகே கட்டிவிட்டு, விடியலிலோ அந்தியிலோ ஒருவர் பாட உட்காருவார், பெரும்பாலும் பெண். ‘ஹூஸ், ஹூஸ்’ என்று ஒரே சொல்லை இழுத்து இழுத்துப் பாடுவார். குதிரைத்தலை செதுக்கிய இரண்டு நரம்பு வாத்தியமான மோரின் ஹூர் கூடவே ஒலிக்கும். நேரம் ஆக ஆகத் தாய் அடங்கும், கன்றை முகரும், மடி கொடுக்கும். தாயை இழந்த கன்றை வேறொரு ஒட்டகத்தோடு சேர்க்கவும் இதே பாட்டுதான். விலங்கின் மனத்தை இவ்வளவு பொறுமையாக அறிந்து வைத்திருப்பதைப் பெரிய கல்வி என்றே நான் மதிக்கிறேன்.

2015இல் யுனெஸ்கோ இதை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது நல்லது. ஆனால் ஒட்டகத்தின் வேலையை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது, இளையவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். ஒட்டகம் வளர்ப்பார் இல்லையென்றால் இந்தப் பாட்டை எங்கே பாடுவது?

இதைவிடப் பெரிய அடி ‘சுத்’. கோடை வறண்டு புல் குறைந்த ஆண்டில் பனி கனமாக விழும், அல்லது உருகி மறுபடி பனிக்கட்டியாக இறுகும். குளம்பால் கிளறிப் புல்லை எடுக்க முடியாமல் மந்தை பட்டினியில் சாகும். 2023-24 குளிர்காலத்தில் மட்டும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. புல்லை வேரோடு கடிக்கும் வெள்ளாட்டை, காஷ்மீர் எனப்படும் அதன் மென்மையான கம்பளிக்காக அளவுக்கு மீறிப் பெருக்கியதில் மேய்ச்சல் நிலமும் ஏற்கனவே நலிந்திருந்தது.

மந்தை போனால் குடும்பம் தலைநகர் உலான்பாத்தருக்குக் கிளம்பும். இன்று நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த ஒரே நகரத்தில். புறநகரில் வேலியடைத்து அதே கெரைப் போடுகிறார்கள். சாணம் எரிந்த அடுப்பில் நிலக்கரி எரிகிறது. புகை தாங்காமல் 2019இல் பதப்படுத்தாத நிலக்கரிக்கு அரசு தடை விதித்தது. ஐந்து வகைக் கால்நடையின் குணமும் அறிந்த மனிதர் அங்கே கூலி வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாளவில்லை.