டீ கிளாஸ் நடுங்கினால்

வணக்கம் மக்களே. நம்ம நெல்லை தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் துணி துவைக்கிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு பைபோலார் இருக்கிறது, அதாவது மனசு ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும் நோய். குடியும் இருந்தது. பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனால் "மனசைச் சரிபண்ணிட்டு வாங்க" என்றார்கள். மனநல டாக்டரிடம் போனால் "முதலில் குடியை நிறுத்துங்க" என்றார். பாளையங்கோட்டைக்கும் நெல்லை ஜங்ஷனுக்கும் நடுவில் இருக்கிற சுலோச்சன முதலியார் பாலத்து நெரிசலில் மாட்டின பஸ் மாதிரி, பாளையும் இல்லை, ஜங்ஷனும் இல்லை.

அப்புறம் குடியை விட்டவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒருத்தர், "மாத்திரையும் போதைதானே தம்பி, அதையும் விடு" என்றார். நம்பி, பைபோலாருக்குப் போட்டுக்கொண்டிருந்த லித்தியம் மாத்திரையை நிறுத்தினேன். நாலு ராத்திரி தூக்கமே இல்லை, ஆனால் அப்படி ஒரு தெம்பு. கடன் வாங்கி பைக் புக் பண்ணினேன். ஐந்தாம் நாள் மறுபடியும் குடித்தேன்.

திரும்ப மாத்திரை ஆரம்பித்த பிறகு, வண்ணார்பேட்டை டீக்கடையில் அந்தக் கூட்டத்து அண்ணாச்சி ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார். என் கையில் கிளாஸ் நடுங்குகிறது. வீட்டில் இதைப் பார்த்தாலே குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. தன் கிளாஸை என் கிளாஸுக்குப் பக்கத்தில் நீட்டினார். அதுவும் நடுங்கியது.

"லித்தியமா? எனக்கும் அதுதாம்ல. லேசா நடுங்கத்தான் செய்யும். நடுக்கம் கூடி, வாந்தி, தள்ளாட்டம்னு வந்தா அன்னைக்கே டாக்டர்ட்ட ஓடணும், பாத்துக்கோ. நம்மூரு வெயிலுக்குத் தண்ணி நிறையக் குடி. உடம்புல தண்ணி வத்தினா ரத்தத்துல மருந்து ஏறிரும்."

இரண்டும் உள்ள ஆளிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொல்லியிருப்பார், காதில் ஏறியிருக்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே 1989இல் நியூயார்க்கில் 'டபுள் டிரபிள் இன் ரெகவரி', அதாவது இரட்டைத் தொல்லையிலிருந்து மீள்கிறவர்கள் என்று குழு ஆரம்பித்திருக்கிறார்கள். பெயரே நம்ம கதைதான்! அங்கே மாத்திரை போடுகிறவரை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. குடியை விடுகிறவர்களுக்காக 1935இல் தொடங்கின ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. மாத்திரையை விடு என்று என்னிடம் சொன்னவர் அவராகச் சொன்னதுதான்.

இப்போது நாங்கள் நாலு பேர். செவ்வாய்க்கிழமை இதே படியில் உட்காருவோம். ஊசி, மருந்து, டோஸ் எதையும் நாங்கள் மாற்றமாட்டோம், அது டாக்டர் வேலை. தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் நிறுத்தணும். ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். போதைக்கு 14446.

அண்ணாச்சி தினமும் ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவார். "சாப்பிட்டியால? மாத்திரை போட்டியால?" அவ்வளவுதான். குடித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் குரலிலேயே தெரிந்துவிடும்போல.

இதோ, அவர்தான் கூப்பிடுகிறார். நேற்று சீக்கிரம் தூங்கிவிட்டேன், போனை எடுக்கவில்லை. இப்போது ஏச்சு விழும். வாரேன் மக்களே.