புளியா, சாம்பலா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் அழுக்கும் கறையும் போக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாளை ஆடி வெள்ளி. இந்நேரம் நம் பக்கத்து வீடுகளில் குத்துவிளக்கு கொல்லைக் கிணற்றடிக்கு வந்திருக்கும். அதனால் விளக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது நாச்சியார்கோயில் பித்தளை விளக்கு. கல்யாணமான புதிதில் அதைத் துலக்கும் வேலை எனக்கு வந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன், தோள்பட்டை வலிக்கத் தேய்த்தேன். தண்டு தங்கமாக மின்னியது. அகலில் அப்பியிருந்த கறுப்புப் பிசுக்கு மட்டும் அசையவில்லை. மாமியார் வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார். “புளியை வெச்சுட்டு அடுப்புச் சாம்பலை எடும்மா. அது எண்ணெய்” என்றார். சாம்பலோடு சீயக்காய்த் தூளும் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பிசுக்கு வழண்டு வந்துவிட்டது.

நான் சொல்ல வந்ததே இதுதான். தேய்க்கும் முன், ஒட்டியிருப்பது என்ன என்று பாருங்கள். எண்ணெய்க்குக் காரம் வேண்டும். மிளகாய்க் காரம் இல்லை, சாம்பல், சலவைச் சோடா மாதிரி. பித்தளைக் களிம்புக்கும் குழாயில் படியும் வெள்ளை உப்புக்கும் புளிப்பு வேண்டும். இரண்டும் இருந்தால் முதலில் எண்ணெயை எடுங்கள். மேலே எண்ணெய் இருக்கும்வரை புளி உள்ளே இறங்காது.

சரி, எது ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தது. எதன்மேல் என்றும் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் உப்பைப் போக்கக் குளியலறை ஆசிட் வாங்கினேன். வாசற்படி தாண்டி மொசைக் தரையில் கொஞ்சம் சிந்தி, பொங்கி நுரைத்தது. மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. ஆசிட் அதைத் தின்றுவிடும். பளபளப்பு போன அந்த இடத்தில் இன்றைக்கும் மிதியடி கிடக்கிறது. விருந்தாளிகளுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது!

இன்னொன்று. ஐப்பசி அடைமழையில் முற்றத்துப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவோம். அதோடு ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். கதவு சாத்திய குளியலறை என்றால் உயிருக்கே ஆபத்து. திரும்பவும் சொல்கிறேன்: இரண்டும் சேரக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். அலுமினியப் பாத்திரத்துக்குச் சலவைச் சோடா வேண்டாம், கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல்லுக்குத் தனியாகவே ஒரு குறிப்பு எழுதி வந்தேன். கல்லில் ஊறிய எண்ணெய் அழுக்கில்லை, உரிக்காதீர்கள். வெந்நீரில் கழுவி, ஈரம் துடைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வையுங்கள். வணக்கம்.