காகிதத்தைப் பிடித்துப் பனை ஏற முடியுமா?

நடுவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரே, வணக்கம். மக்களாட்சியைத் தாங்கிப் பிடிப்பது அரசியல் சட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

மனசாட்சியே என்று பேசிய எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று கேட்டார்: "சட்டம் வெறும் காகிதம். காகிதத்தைப் பிடித்துப் பனை ஏற முடியுமா?" நீங்களும் கை தட்டினீர்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். என் பாட்டா பனையேறி.

ஐயா, பனை ஏற முருக்குத்தடி போதும், காலில் மாட்டும் நார்த் தளை போதும். ஆனால் அரசர் ஆண்ட திருவிதாங்கூரில் அந்தத் தளைக்கும் வரி இருந்தது, தளைக்காணம் என்று பேர். ஏணிக்கு ஏணிக்காணம். அன்றைக்கும் இந்த மண்ணில் மனசாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள்தானே? வரி கேட்டு வந்தவனை அது தடுத்ததா? தோள்சீலைக்காக, நம் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக, எத்தனை ஆண்டு அடிபட்டோம்! 1859இல் அரசர் உத்தரவு வந்தது. மேலாடை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்றது. அளந்து கொடுத்தார்கள், அளந்து! 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் யாரும் இரங்கிக் கொடுத்ததில்லை. நமக்கு நாமே வழங்கிக்கொண்டோம் என்று முகப்புரையிலேயே இருக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுத்தும்விட்டது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். பாட்டா போன பிறகு பாட்டி முதியோர் பென்சனுக்கு மனு கொடுத்தார். இரண்டு வருஷம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். "நாளைக்கு வா" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான், 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தாள் எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப். ஒரே கேள்வி: "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது?" பாட்டி கைநாட்டு வைத்தார். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். 26ஆம் நாள் தபால்காரர் வந்தார்.

பழுப்புக் கவர். மேலே 'திருமதி' என்று போட்டுப் பாட்டியின் பெயர். "படி மக்களே" என்றார். படித்தேன். "இன்னொருக்க படி." படித்தேன். மீன்கார அக்கா வந்தார், அவருக்கும் படித்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார், அவருக்கும். பால்காரருக்கும்! உள்ளே என்ன இருக்கிறது? விளக்கு வைக்கும் வரை பாட்டி கவரைப் பிரிக்கவே விடவில்லை. பிறந்த நாள் முதல் 'ஏட்டி' என்றே கூப்பிடப்பட்டவர், ஐயா! அரசாங்கம் அவரைத் 'திருமதி' என்றது அன்றைக்குத்தான்.

மூன்றாம் மாதம் பென்சன் வந்தது. முதல் பணத்தில் எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தார்.

பாட்டி இப்போது இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பாட்டாவின் பாளை அருவாளோடு சேர்த்துத் துணியில் சுற்றி இந்தக் கவரை வைத்திருந்தார். நடுவர் அவர்களே, இதோ, கொண்டு வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் காகிதம் என்றாரே, அது இதுதான். முன்வரிசைப் பாட்டிமாரே, உங்களுக்கும் கேட்கட்டும், இன்னொருக்க படிக்கிறேன்: "திருமதி..."