பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை வைங்க

[திரையில்: விடியற்காலை, வீட்டு வாசலில் கார். சாவியைத் திருப்பும் கை.]

சாவியைத் திருப்புறீங்க. டக்டக்டக்டக். அவ்வளவுதான், இன்ஜின் சுத்தல. டாஷ்போர்டு லைட்டு மங்குது. வேடிக்கை பார்க்க வந்தவங்க வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "பேட்டரி போச்சுங்க."

போன மாசம் ஒருத்தர் அதை நம்பிப் புதுசு வாங்கிப் போட்டார். பத்தே நாள்ல அதே டக்டக். பழைய பேட்டரி டிக்கியில கெடக்க, வண்டியை எங்கிட்ட கொண்டுவந்தார்.

முதல்ல காதைக் குடுங்க. வேகமா அடிக்கிற டக்டக்னா, சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்த ஸ்விட்ச், இழுக்குது, இன்ஜினைச் சுத்திவிடுற அந்த மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் விழுந்து விட்டுடுது, திரும்ப இழுக்குது. கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். ஒரே ஒரு 'டக்', லைட்டும் மங்கலைன்னா சொலினாய்டு காண்டாக்ட், செல்ஃப் மோட்டார் மேல சந்தேகப்படலாம். சத்தமே இல்லைன்னா ரிலே, ஃபியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச்.

[திரையில்: மல்டிமீட்டரின் குமிழ் டிசி 20 வோல்ட்டுக்குத் திரும்புகிறது.]

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.2ன்னா ஏறக்குறைய பாதி. ஆனா சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான். பாரம் ஏத்தினாத்தான் தெரியும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நல்லா சார்ஜ் இருக்கிற பேட்டரி அப்போ 9.6க்குக் கீழ விழுந்தா, பெரும்பாலும் பேட்டரிதான் வீக். 11 பக்கம் நின்னும் இன்ஜின் முனகுதுன்னா?

அந்த வண்டியில அப்படித்தான் இருந்துச்சு. கரண்ட் போறதைப் பத்தி எல்லாரும் யோசிப்போம், அது திரும்பி வரணும்ங்கிறதை மறந்துடுவோம். செல்ஃப் மோட்டார் எடுத்த கரண்ட் இன்ஜின் பிளாக், எர்த் வயர் வழியாத்தான் பேட்டரி நெகடிவுக்குத் திரும்புது. மீட்டரோட சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல, பெயின்ட் இல்லாத இரும்புல வைங்க. கறுப்பை பேட்டரி நெகடிவோட ஈயக் கம்பத்து மேலயே வைங்க, அதைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் மேல இல்ல. இப்போ செல்ஃப் அடிங்க. 0.2 வோல்ட் வரைக்கும் சரி. அங்க 1.4 வந்துச்சு.

[திரையில்: மீட்டரில் 1.4. அருகே கணக்கு: 150 × 0.01 = 1.5]

செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. வழியில ஒரு ஓமில நூத்துல ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் காலி. இதை ஓம் மீட்டர்ல தேடாதீங்க. சாதா மீட்டரோட சொந்த வயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. பின்னல் வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 'பீப்'னு அடிச்சு நல்லாருக்குன்னு சொல்லிடும்.

பின்னாடி விளக்குக்கும் தனியா எர்த் உண்டு, அது கெட்டாலும் தெரியும். இண்டிகேட்டர் போட்டா டெயில் லாம்ப்பும் சேர்ந்து மின்னும். பல்பு மாத்தி மாத்திப் பார்த்துச் சலிச்சவங்க எத்தனையோ பேர்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவுக்கு வருவோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8 முதல் 14.5 வரைக்கும் பொதுவா இருக்கணும். புது வண்டிங்கள்ல கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும், அதனால ஹெட்லைட்டைப் போட்டுட்டுப் பாருங்க. ஓடுற வண்டியில டெர்மினலைக் கழட்டி டைனமோவைச் சோதிக்கிற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம், வோல்ட் எகிறி வண்டியோட கம்ப்யூட்டரான ஈசியூவே போயிடலாம்.

நாலு நாள் நிறுத்தினா மட்டும் படுத்துக்குதா? எங்கயோ கரண்ட் கசியுது. அரை ஆம்பியர் போனாலே 45 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 மணி நேரத்துல காலி. நெகடிவ் வயரைக் கழட்டி, வயருக்கும் கம்பத்துக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல போடுங்க, வண்டியோட கம்ப்யூட்டருங்க தூங்க அரை மணி விடுங்க. 50 மில்லி ஆம்பியருக்கு மேல நின்னா ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க, எதுல இறங்குதோ அங்க தேடுங்க. டேஷ்கேம், வெளியில போட்ட ஸ்டீரியோ, அணையாத டிக்கி லைட்டுன்னு பெரும்பாலும் நாமளே சேர்த்ததும் மறந்ததும்தான். மீட்டர் நடுவுல இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க.

[திரையில்: எர்த் வயரின் துருப்பிடித்த லக், உப்புத்தாள்.]

அந்த வண்டிக்கு எர்த் போல்ட்டைக் கழட்டி, துருவைத் தேய்ச்சு, வயரை மாத்தி இறுக்கினோம். 1.4 இருந்த இடத்துல 0.1. டிக்கியில கெடந்த பழைய பேட்டரியை ராத்திரி சார்ஜ்ல போட்டு, காலையில அதையே மாட்டிச் செல்ஃப் அடிச்சோம். ஒரே அடியில ஸ்டார்ட்.